கோடு இறங்கிய இடம்

"உலகம் எந்தப் பக்கம் போகுதுங்க?" என்று கேட்டார் வெள்ளிங்கிரி.

"முதல்ல செருப்பை உள்ள கொண்டாந்து வைங்க அண்ணாச்சி" என்றார் பியூலா. "வெளிய கிடந்தா அட்டை ஏறிரும்."

வெள்ளிங்கிரி செருப்பை உள்ளே கொண்டுவந்து வைத்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வர நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அவருக்கு அறுபத்தொரு வயது. இந்த ஒரு கேள்விக்காக நாற்பது வளைவையும் தாமே வண்டி ஓட்டிக் கடந்து வந்திருந்தார்.

பியூலாவுக்கு நாற்பத்தாறு. நாகர்கோவில்காரர். மும்பையில் ஒரு பெரிய முதலீட்டு நிறுவனத்தில் பொருளாதார நிபுணராக இருந்தவர். மாதம் ஒரு கடிதம் எழுதுவார். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் அது போகும். டாலர் ஏறுமா, எண்ணெய் இறங்குமா, அமெரிக்காவில் வட்டி என்ன ஆகும், சீனாவில் எதை வாங்குவார்கள், எதை நிறுத்துவார்கள், எல்லாம் அதில் இருக்கும். கடிதம் வருகிற நாளில் அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் காப்பியை ஆறவிட்டுவிட்டு அதைத்தான் படிப்பார்களாம்.

ஒரு மாதம் கடிதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தகரக் கூரை வீட்டில் அவர் தனியாக இருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருகிறார் என்றும் தெரிந்தது.

அப்போதும் கார்கள் மலை ஏறின. கம்பெனித் தலைவர்கள் வந்தார்கள். பங்குச் சந்தைக்காரர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் டீ கொடுத்துக் கீழே அனுப்பினார் பியூலா.

வெள்ளிங்கிரிக்கும் டீ வந்தது.

"என்ன வியாபாரம்?" என்று கேட்டார் பியூலா.

"நார்க்கழிவு ஏத்துமதிங்க."

தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள் அது. ஒரு காலத்தில் ரோட்டோரம் கொட்டிக் கொளுத்திய சரக்கு. அதைக் கழுவி, உப்பை நீக்கி, காயவைத்து, பைகளில் அழுத்தி அடைத்து அவர் கப்பலேற்றுகிறார். ஹாலந்தில் கண்ணாடிக் கூடங்களுக்குள் தக்காளிச் செடிகள் அந்தப் பைகளில்தான் வேர் விடுகின்றன. மண்ணே இல்லாத விவசாயம். ஆனைமலை ரோட்டில் அவருடைய களம். நூற்று முப்பது பெண்கள் வேலை செய்கிறார்கள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு அடி விழுந்துதுங்க" என்றார். "லேட்டாத்தான் புரிஞ்சுது. அறுபது பேரை நிறுத்தினேன். ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்தியிருந்தா அத்தனை நட்டம் வந்திருக்காதுங்க. நெலமை சரியானதும் எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டேன்."

"இப்போ என்ன?"

"இப்ப மறுபடி டிவியில சொல்றாங்க. தை பொறந்தா உலகம் பூராவும் மந்தம்னு. நெசம்னா இப்பவே அறுபது பேரை நிறுத்திருவேன். பொய்யினா பக்கத்துல பன்னண்டு ஏக்கரா வெலைக்கு வருது, புதுசாக் களம் போட்ருவேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."



வெள்ளிங்கிரி பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசைமேல் பரப்பினார். டாலர் விலை. எரிவாயு விலை. கப்பல் வாடகை. அமெரிக்க வட்டி. எல்லாவற்றிலும் கோடுகள் ஏறி இறங்கின. கடைசியில் ஒன்று, அவரே போட்டது. மாதாமாதம் எத்தனை கன்டெய்னர் அனுப்பினார் என்பது.

பியூலா மற்றதையெல்லாம் கவிழ்த்து வைத்தார். அந்த ஒரு காகிதத்தை மட்டும் அருகில் இழுத்தார். கோடு மெதுவாக ஏறி, ஒரு இடத்தில் சட்டென்று பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியிருந்தது.

பள்ளத்தின் அடியில் விரலை வைத்தார்.

"இந்த எடத்துல யார் இருந்தாங்க?"

"யாருன்னா?"

"யாரு?"

"அதுங்க… ஐரோப்பாவுல டிமாண்டு விழுந்துபோச்சுங்க."

"அது ஆளு இல்லையே அண்ணாச்சி."

மழை விட்டிருந்தது. பியூலா எழுந்து கதவைத் திறந்தார்.

"கேட்டுட்டு வாங்க" என்றார்.

*

பதினைந்து நாள் கழித்து வெள்ளிங்கிரி மறுபடி வந்தார். இந்த முறை செருப்பைத் தாமே உள்ளே வைத்தார்.

"கண்டுபுடிச்சுட்டனுங்க டீச்சர்" என்றார். ஊரில் எல்லாரும் பியூலாவை அப்படித்தான் அழைத்தார்கள்.

"சொல்லுங்க."

"எங்கியோ ஒரு சண்டை வந்துதுங்க. குழாய்ல வர்ற எரிவாயு நின்னுபோச்சு. வெலை பத்து மடங்கு ஏறுச்சு. கண்ணாடிக் கூடத்துக்குள்ள குளிர்காலத்துல சூடு வேணும், வெளக்கு வேணும். அதுக்குக் கட்டுபடி ஆகலை. தக்காளி நடலை. நடாததுனால பை வாங்கலை. பை வாங்காததுனால நம்ம களத்துல வேலை இல்லை."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பதினைந்து நாள் படித்திருந்தார்.

"ரொம்ப சரி" என்றார் பியூலா. "நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்."

வெள்ளிங்கிரிக்கு முகம் மலர்ந்தது. அவரை யாரும் பாராட்டி வெகுநாள் ஆயிற்று.

"யார் இருந்தாங்க?" என்றார் பியூலா.

"அதைத்தானுங்களே இவ்வளவு நேரமாச் சொன்னேன்!"

"சண்டை சொன்னீங்க. வெலை சொன்னீங்க. கண்ணாடிக் கூடம் சொன்னீங்க. அந்தக் கூடத்துக்குள்ள கதவைத் திறந்துட்டு ஒருத்தர் போவார்ல?"

"போவாருங்க."

"அவர் பேர் என்ன?"

வெள்ளிங்கிரி டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். இறங்கும்போது கோபம் கோபமாக வந்தது. பெரிய படிப்புப் படித்தவர் என்று சொன்னார்கள். பேர் கேட்கிறார், ரேஷன் கடையில் கேட்பதுபோல.

ஆழியாறு அணை கண்ணில் படும் வளைவில் வண்டியை நிறுத்தினார். சரக்கு வாங்குகிறவர்கள் நான்கு பேர்; அதில் பெரியவருக்குப் பதினொரு வருடமாக அனுப்புகிறார். மாதம் ஒரு மின்னஞ்சல் வரும். இத்தனை பை, இந்தத் தேதி. இவர் பதில் போடுவார். அடியில் ஒரு பெயர் இருக்கும்.

அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை.

*

அவருடைய வீட்டில் மூன்று டிவி இருந்தது. கூடத்தில் ஒன்று, சாப்பிடுகிற இடத்தில் ஒன்று, படுக்கிற அறையில் ஒன்று. மூன்றிலும் வியாபாரச் செய்திதான் ஓடும். சமையலுக்கு வருகிற அம்மா ஹாட்பாக்ஸில் சாப்பாட்டை வைத்துவிட்டு ஐந்து மணிக்கே போய்விடுவார்.

மனைவி ருக்குமணி இருந்தவரை ஒரே டிவிதான். அதையும் சாப்பாட்டு நேரத்தில் அணைத்துவிடுவார். இவர் களத்து விவகாரத்தைச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். கொச்சியில் கப்பல் தவறியது, மழையில் சரக்கு நனைந்தது, புது மிஷின்காரன் ஏமாற்றியது, எல்லாம். ருக்குமணி பாதி கேட்பார், பாதி கேட்கமாட்டார். "ம்" என்பார். குழம்பு ஊற்றுவார்.

அந்த அடி விழுவதற்கு ஆறு மாதம் முன்னால் ருக்குமணி இறந்துபோனார்.

மகள் ஈரோட்டில். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டேன் கண்ணு."

"டிவியை அணைங்கப்பா, சத்தம் காதைப் பொளக்குது."

"இரு, டாலர் என்னமோ சொல்றான்."

அவ்வளவுதான் பேச்சு.

மலையிலிருந்து இறங்கிய அன்று மாலை அவர் பழைய மின்னஞ்சல்களைத் தேடினார். அடியில் பெயர் இருந்தது. கெர்ரிட். பெயருக்குக் கீழே ஒரு தொலைபேசி எண். பதினொரு வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம், அங்கே காலை நேரமாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, அழைத்தார். அவருடைய ஆங்கிலம் ஏற்றுமதிக்குப் போதுமான ஆங்கிலம். எதிர்ப்பக்கமும் அப்படித்தான் இருந்தது.

"யார்?"

"வெள்ளிங்கிரி. பொள்ளாச்சியிலிருந்து. இந்தியா."



"பையில் அச்சடித்திருக்குமே, அந்த வெள்ளிங்கிரியா?"

"ஆமாம்."

"அது ஏதோ ஊரின் பெயர் என்று நினைத்திருந்தேன்."

"மலையின் பெயர்" என்றார். "எனக்கும் அதைத்தான் வைத்தார்கள்."

எதிரில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வயதான சிரிப்பு.

"சரக்கில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார் கெர்ரிட்.

"இல்லை. ரெண்டு வருடத்துக்கு முந்தின குளிர்காலம். நீங்கள் பை வாங்கவில்லை. அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

அதை இப்படி யாரும் கேட்டதில்லை போலும். பிறகு கெர்ரிட் பேச ஆரம்பித்தார். நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"விளக்கையெல்லாம் அணைத்தேன். முப்பது வருடத்தில் முதல் தடவை. எங்கள் பக்கத்தில் பொழுது சாய்ந்தால் வானமே ஆரஞ்சு நிறமாக இருக்கும். கண்ணாடிக் கூடங்களின் வெளிச்சம் மேகத்தில் அடிக்கும். அந்த வருடம் எல்லாரும் அணைத்துவிட்டோம். நட்சத்திரம் தெரிந்தது. அதைப் பார்க்க ஒருத்தரும் வெளியே வரவில்லை."

"விலை கட்டுபடியாகாமல்தானே அணைத்தீர்கள்?"

"அப்போது எனக்குப் பழைய விலைக்கே ஒப்பந்தம் இருந்தது. மார்ச் வரைக்கும் எரித்திருக்கலாம்."

"பின்னே ஏன்?"

"செய்தியில் இன்னும் ஏறும் என்றார்கள். பக்கத்துக் கூடத்துக்காரர் அணைத்தார். அவர் அணைத்தபின் நானும் அணைத்தேன்."

"அவர் ஏன் அணைத்தாராம்?"

"தெரியாது. நான் கேட்கவில்லை. இருபது வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம்."

வெள்ளிங்கிரி தொலைபேசியைக் காது மாற்றிப் பிடித்தார்.

"இந்தக் குளிர்காலம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருந்தார்.

"நானே உங்களிடம் கேட்கலாம் என்று இருந்தேன்" என்றார் கெர்ரிட். "நீங்கள் பல பேருக்கு அனுப்புகிறவர். உங்களுக்குத் தெரிந்திருக்குமே?"

*

"கெர்ரிட்டுங்க" என்றார் வெள்ளிங்கிரி, வாசலில் நின்றபடியே. "அவரு பேரு கெர்ரிட்டு. அறுபத்தஞ்சு வயசு. வெளக்கை அணைச்சுட்டு இருட்டுல உக்காந்திருந்தாருங்க."

பியூலா தலையாட்டினார். அந்த ஆட்டத்தில் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்ததாக அவருக்குப் பட்டது.

"இது தூரத்துல" என்றார் பியூலா. "கிட்டத்துல?"

"கிட்டத்துலன்னா?"

"அந்தக் காகிதத்துல பள்ளம் ஒண்ணுதான். ஆனா அதுக்குள்ள ஒருத்தர் மட்டும் இருக்க முடியாது."

அன்றைக்குப் பால் டீ இல்லை. பால் தீர்ந்திருந்தது. கறுப்புத் தேநீர் கொடுத்தார். இருவரும் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குடித்தார்கள். அடுத்த வீடு என்று பார்த்தால் ஒரு மைல் தள்ளி. சாயங்காலம் ஆனால் இந்த அம்மா யாருடன் பேசுவார் என்று வெள்ளிங்கிரி நினைத்தார். கேட்கவில்லை.

*

களத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் கொட்டகை நிழலில் உட்கார்ந்து டிபன் பாத்திரங்களைத் திறந்திருந்தார்கள். பேச்சும் சிரிப்பும் அலுவலகம் வரை கேட்டது.

வெள்ளிங்கிரி எழுந்து அந்தப் பக்கம் நடந்தார்.

கொட்டகையை நெருங்கியதும் பேச்சு நின்றது. சிலர் பாத்திரத்தை மூடினார்கள். மயிலாத்தா எழுந்து நின்றார். ஐம்பது வயது. களம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். அந்த அறுபது பேரில் ஒருவர்.

"ஏனுங் மொதலாளி, சரக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா?"

"அதெல்லாமில்லை. நீ உக்காரு." அவர் நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. "ரெண்டு வருசம் முன்னால உங்களையெல்லாம் நிறுத்தினேனே. அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

மயிலாத்தா பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"ஊடு கட்டிக்கிட்டிருந்தனுங்க" என்றார். "செவுரு பாதி ஏறியிருந்துது. நிறுத்திப் போட்டனுங்க."

"வேலை போனதும் நிறுத்திட்டியா?"

"இல்லைங்க. அதுக்கு முன்னாடியே. வேலை போறதுக்கு ஒன்றரை மாசம் இருக்கறப்பவே செங்கல் லோடு வேண்டாம்னு சொல்லிட்டனுங்க."

"அப்ப உனக்கு எப்படித் தெரியும்? நானே முடிவு பண்ணலையே."

மயிலாத்தா தயங்கினார்.

"சொல்லு."

"உங்க மூஞ்சியைப் பாத்துத்தானுங்க."

யாரோ ஒருத்தி சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டாள்.

"தெனமும் கார்ல வந்து எறங்குனா எங்களைப் பாத்து ஒரு வார்த்தை கேப்பீங்க. காஞ்சுதா, நனைஞ்சுதா, ஏதாச்சும் ஒண்ணு. அந்த வாரம் நேரா ஆபீசுக்குள்ள போயிட்டீங்க. மறுநாளும் அப்படியே. டிவி சத்தம் மட்டும் கேட்டுது. சரி, என்னமோ வரப்போகுதுன்னு நாங்களே பேசிக்கிட்டோம். நான் செங்கல்லை நிறுத்தினேன். இவ புள்ளைக்குக் காதுகுத்தறதைத் தள்ளிவெச்சா. எல்லாருமே மளிகைக் கடையில பாதிதான் வாங்குனோம். கடைக்காரரு என்னாச்சுன்னு கேட்டாரு. களத்துல ஆளைக் குறைக்கப் போறாங்களாம்னு சொன்னோம். செங்கல் சூளைக்காரரு நாலு ஆளை நிறுத்திட்டாரு. அவுங்களும் அதே கடைதானுங்களே."

"அது எந்த வாரம்?"

"ஐப்பசி கடேசி."

வெள்ளிங்கிரி அலுவலகத்துக்கு வந்து பழைய கோப்பை எடுத்தார். ஐப்பசிக் கடைசி வாரம். அந்த வாரத்தில் ஒரு ஆர்டர்கூடக் குறையவில்லை. அதற்கு அடுத்த வாரமும் குறையவில்லை. அவர் டிவி மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பை மூடினார். வெளியே கொட்டகையில் பேச்சு மறுபடி தொடங்கவில்லை. அவர் மறுபடி வருவாரோ என்று காத்திருந்தார்கள் போல.

*

நான்காவது முறை மலை ஏறியபோது மழைக்காலம் முடிந்திருந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது.

பியூலா அவர் முகத்தைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருச்சா?"

"தெரிஞ்சுதுங்க."

யார் என்று பியூலா கேட்கவில்லை. "நானுந்தானுங்க" என்று அவரே சொன்னார்.

பிறகு வெள்ளிங்கிரி கேட்டார்: "நீங்க ஏனுங்க எழுதறதை நிறுத்துனீங்க?"

பியூலா சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு சின்ன நாடு" என்றார். "அதோட காசு விழப்போகுதுன்னு ஒரு மாசம் எழுதினேன். காரணமெல்லாம் சரியாத்தான் இருந்தது. கடன் ஜாஸ்தி, கையிருப்பு குறைவு. நூத்துப் பன்னண்டு பேரும் படிச்சாங்க. அன்னைக்கே வித்தாங்க. ரெண்டு நாள்ல விழுந்தது. எனக்குப் பூச்செண்டு அனுப்பினாங்க."

"சரியாத்தானே சொல்லியிருக்கீங்க."

"அதைத்தான் அண்ணாச்சி இன்னும் யோசிச்சிட்டிருக்கேன். வர்றதைப் பார்த்து நான் சொன்னேனா, நான் சொன்னதால வந்ததா? அந்த ஊர்ல மருந்து வாங்க முடியாம எத்தனை பேர் நின்னாங்கன்னு டிவியில எண்ணிக்கை காட்டினாங்க. ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது. அதுக்கப்புறம் எழுத உக்காந்தா கை நகரலை."

"அந்த நூத்துப் பன்னண்டு பேர்ல யாராச்சும் உங்களைத் தேடி வந்தாங்களா?"

"நிறையப் பேர் வந்தாங்க. அடுத்தது எது விழும்னு கேட்டாங்க."

வெள்ளிங்கிரி தலை குனிந்துகொண்டார். முதல் நாள் அவரும் அதைத்தானே கேட்டார். ஆனால் இன்றைக்கும் கேட்காமல் இருக்க முடியவில்லை. கீழே நூற்று முப்பது பேர் இருக்கிறார்கள். தை பிறக்க நாற்பது நாள்தான்.

"டீச்சர், கடேசியா ஒருக்காக் கேக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தடவை மந்தம் வருமுங்களா, வராதுங்களா?"

"தெரியாது" என்றார் பியூலா.

தட்டிக் கழிக்கிற குரல் இல்லை அது. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற குரல். மூன்று டிவியிலும் இந்த ஒரு வார்த்தையை வெள்ளிங்கிரி கேட்டதே இல்லை.

"இந்த வார்த்தையை இருபது வருசத்துல ஒரு கடிதத்துலகூட நான் எழுதலை" என்றார் பியூலா. பிறகு வெளியே பார்த்தார். "பனி கட்டுது. வெளிச்சம் இருக்கறப்பவே இறங்கிருங்க அண்ணாச்சி."

அவர் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நீங்க சாயங்காலம் யாருகூடப் பேசுவீங்க?"

பியூலா கையை மட்டும் உயர்த்தி, போய் வாருங்கள் என்பதுபோல அசைத்தார்.

*

தை பிறந்தது. ஆர்டர் பாதியாகக் குறைந்தது.

கெர்ரிட் மின்னஞ்சல் போடவில்லை, கூப்பிட்டே சொன்னார். இந்தத் தடவை பக்கத்துக் கூடத்துக்காரரிடம் போய்ப் பேசினாராம். இருவருமாகப் பாதி விளக்கை எரிப்பதென்று முடிவாம். பாதி விளக்குக்குப் பாதிப் பைதான் வேண்டும். மன்னித்துக்கொள்ளச் சொன்னார். சரக்கு வாங்குகிற மற்ற மூன்று பேரையும் வெள்ளிங்கிரி தாமே அழைத்துக் கேட்டார். அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

அன்று காலை வீட்டில் டிவியைப் போடவில்லை. காரிலிருந்து இறங்கினார். ஆபீசுக்குள் போகாமல் களத்துக்குப் போனார்.

"எல்லாத்தையும் வரச் சொல்லு மயிலாத்தா" என்றார். "மிஷினை நிறுத்துங்க."

நூற்று முப்பது பேரும் வந்தார்கள். முகங்களில் பயம் இருந்தது. அழுத்திக் கட்டிய சரக்கின் மேல் அவர் உட்கார்ந்தார். அவர்களும் தரையில் உட்கார்ந்தார்கள்.

அவர் சொன்னார். கண்ணாடிக் கூடம் என்றால் என்ன, அங்கே ஏன் குளிரில் விளக்கு எரிகிறது, எரிவாயு எங்கிருந்து வருகிறது, டாலர் ஏறினால் தமக்கு என்ன லாபம், கப்பல் வாடகை ஏறினால் என்ன நட்டம், யார் யார் எத்தனை பை குறைத்தார்கள், எல்லாம். எத்தனை நாள் இப்படி இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள்.

"தெரியாது" என்றார்.

சொன்ன பிறகு, அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார். திட்டுவார்கள் என்று நினைத்தார். அழுவார்கள் என்று நினைத்தார். யாரும் அப்படிச் செய்யவில்லை. தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு வளர்ந்தது. ஒரு பக்கம் சண்டைகூட வந்தது, புருசன் சம்பாதிக்கிறவர்கள் விட்டுக்கொடுக்கட்டும் என்று ஒருத்தி சொன்னதால். மயிலாத்தா அதட்டினார்.

கடைசியில் மயிலாத்தாவே எழுந்து சொன்னார்: "ஏனுங் மொதலாளி, அறுபது பேரு ஊட்டுக்குப் போறதுக்குப் பதிலா, நூத்து முப்பது பேரும் வாரத்துல மூணு நாள் வர்றமுங்க. பாதிப் பேரு மூணு நாளு, மீதிப் பேரு மத்த மூணு நாளு. ஆகாதுங்களா?"

"கூலி பாதிதான் வரும்."

"வராததுக்கு அது மேலுங்க. எத்தனை வரும்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன நாங்க பாத்துக்குவோம். மளிகைக் கடையிலயும் சொல்லிப் போடலாம்."

அப்படியே முடிவாயிற்று. வைகாசி வரைக்கும் அந்த ஏற்பாடு ஓடியது. பதினொரு பேர் தாக்குப்பிடிக்க முடியாமல் வேறு வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் இருந்தார்கள். பன்னிரண்டு ஏக்கராவை வேறொருவர் வாங்கினார். வெள்ளிங்கிரிக்கு நட்டம்தான், ஆனால் களம் பிழைத்தது. அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் மயிலாத்தா மட்டும் ஒன்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"போன தடவையும் இப்படி உக்காந்து சொல்லியிருக்கலாமுங்களே மொதலாளி. ஏனுங்க சொல்லலை?"

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

வெள்ளிங்கிரி யோசித்தார். அந்த வருடத்து வீடு ஞாபகத்துக்கு வந்தது. ஹாட்பாக்ஸ் ஞாபகத்துக்கு வந்தது. "ம்" என்று கேட்பதற்குக்கூட யாரும் இல்லாமல் போன சாப்பாட்டு மேசை ஞாபகத்துக்கு வந்தது.

"அப்ப நான் சொல்லிக்கறதுக்கு ஆளில்லையே மயிலாத்தா" என்றார்.

நூற்று முப்பது பேரும் அவரைப் பார்த்தார்கள்.